சூடு தங்கிய எட்டு வீடுகள்

அன்று ஆண்டுக் கூட்ட மேடையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். ஜனவரிக் குளிரில் எங்கள் கிழக்கு மின்பாதையில் இரண்டாம் முறை சுவிட்சைப் போட்டும் மின்சாரம் போனது யார் வீட்டால் என்பதை நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் அந்த வீட்டு மீட்டரின் பதிவை நானே பார்த்திருந்தேன். வீட்டுக்காரர் ஆர்லன் ஸ்டென்ருட், எங்கள் மின் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர். பள்ளி விளையாட்டரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புது வீடுகளில் சூடு கசிகிறதா என்று சோதிக்கும் வேலையைச் சங்கம் கைவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. சோதிப்பவள் நான். நான் பேசியது இது:

வாக்குச் சீட்டுக்கும் பன்றித்தொடை விருந்துக்கும் நடுவே எனக்கு இடம் தந்திருக்கும் அவைத்தலைவர் லவான் ஹாகருட் அம்மையார் அவர்களே! இந்தச் சங்கத்தின் முதல் கம்பங்களை நட்டவர்களின் பிள்ளைகளாய் வந்திருக்கும் பெரியோர்களே! பனி வாரி முதுகு வளைந்தாலும் மனம் வளையாத தாய்மார்களே! கம்பத்தின் உச்சியில் காற்றோடு மட்டும் பேசும் மின்பாதைத் தோழர்களே! பரிசுக் குலுக்கலுக்காக மட்டுமே வந்து பின்வரிசையைப் பிடித்திருக்கும் நண்பர்களே! சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்! அனைவருக்கும் மரிட்டின் வணக்கம்.

கடை வைத்திருப்பவன் "குறைவாக வாங்கு" என்று சொல்வானா? மின்சாரம் விற்கும் நாம், மின்சாரம் அதிகம் கேட்காத வீட்டுக்குச் சான்று தரலாமா? சிக்கனமான வீடு கட்டுகிறவருக்கு அரசு வரிச்சலுகை தருகிறது, தரட்டும். அதற்கு வேண்டிய சோதனையை நாம் ஏன் செய்ய வேண்டும்? நமக்கு என்ன லாபம்? ஆர்லன் ஐயா கேட்பது இதுதான்.

நியாயமான கேள்விதான். அதற்கு ஜனவரி விடை சொல்லும்.

மூச்சு மீசையிலேயே உறைந்துபோன அந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? ஏரிக்கரையில் பைன் மரம் ஒன்று முறிந்து கம்பிமேல் விழுந்தது. தேவாலயத்தில் கடைசிப் பாட்டு முடியுமுன் கிழக்குப் பாதை முழுவதும் மின்சாரம் போனது. நம் மின்பாதைத் தோழர் டுவெய்ன் பெக்லண்ட் மரத்தை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டி, பிற்பகலில் சுவிட்சைப் போட்டார். வந்தது வெளிச்சம், கைதட்டுவதற்குள் போனது வெளிச்சம்! ஏன்? குளிர்ந்து கிடந்த வீடுகள் எல்லாம் ஒரே நொடியில் வாய் திறந்தன. சுவருக்குச் சுவர் ஹீட்டர், வண்டிக்கு வண்டி எஞ்சினைச் சூடாக்கும் ஒயர், மாட்டுத் தொட்டியில் தண்ணீர் உறையாமல் காக்கும் கம்பி. எல்லாம் "எனக்கு, எனக்கு" என்றன. பாதை தாங்கவில்லை. டிரிப் ஆனது.

அன்று அலுவலகத்தில் போனும் ரேடியோவும் என் பொறுப்பு. டுவெய்ன் ரேடியோவில் கத்தினார்: "மரிட், வீடு வீடா போன் போடும்மா! எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லு. வாசல் பல்பு ஒண்ணு போதும். அது எரிஞ்சா கரண்ட் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்!"

போட்டேன். எல்லோரும் "சரி" என்றீர்கள். மறுபடி சுவிட்சைப் போட்டார். மறுபடி போனது!

"எவன்டா அது!" என்றார் டுவெய்ன். அவர் உண்மையில் சொன்ன வார்த்தையைப் பாதிரியார் முன்னால் சொல்ல முடியாது.

ஒரு வீட்டில் குளிரில் விறைத்துப்போன ஒருவர், கரண்ட் வந்ததும் சூடு ஏறட்டும் என்று வீட்டு ஹீட்டரோடு சானா எனும் வெந்நீராவிக் குளியலறையின் மின் அடுப்பையும் கடைசிவரை திருகிவைத்து, போர்வைக்குள் காத்திருந்தார்! சிரிக்கிறீர்கள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்க மாட்டோம்?

பின்னாலிருந்து ஒரு குரல்: "யாரு வீடு அது? பேரைச் சொல்லு!"

பேர் வேண்டாம், ஐயா. குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ஏம்மா, சானாவுக்கும் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார் ஆர்லன் அவர்கள். வருகிறேன், ஐயா, அதற்குத்தான் வருகிறேன்.

அப்போதுதான் மர்லீஸ் ஔன் அம்மாவிடமிருந்து போன். அவர் கணவர் வெர்ன், ஆக்ஸிஜன் கருவியால் மூச்சு விடுகிறவர்.

"மரிட், கருவி நின்னுபோச்சு. இருந்த சிலிண்டர்ல கடைசி இதுதான். முள்ளு இறங்கிட்டே இருக்கு."

"ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சும்மா. பனி ஒதுக்குற வண்டி முன்னால போகுது."

"இவர் வேற ஜோக் அடிக்கிறார். 'பில்லை ஒழுங்காத்தானே கட்டுறேன், மூச்சை ஏன் கட் பண்றாங்க'ன்னு கேக்கறார்." சொல்லிவிட்டு அவர் அழுதார்.

டுவெய்னிடம் சொன்னேன்.

"முழுப் பாதையும் தாங்காது. துண்டு துண்டாத்தான் குடுக்கணும். வெர்ன் இருக்கற கிளையில வேற யாரு?"

"ஏரிமுனைத் தெரு. எட்டு புது வீடு."

"உள்ள எப்படி இருக்காம்?"

"ஸ்வெட்டர் போட்டுட்டு சீட்டு ஆடறாங்களாம்."

"அப்ப அதையே முதல்ல போடறேன். சாமியைக் கும்பிட்டுக்கோ."

வரிச்சலுகை கிடைக்கும் என்பதற்காகவே கட்டுகிறவர் விரிசல் விரிசலாகத் தேடி அடைத்த வீடுகள் அவை. வாசலில் விசிறி பொருத்தி, காற்று எங்கே கசிகிறது என்று நான் சோதித்த வீடுகள். காலையில் ஏறிய சூடு மாலைவரை உள்ளேயே தங்கியிருந்தது. டுவெய்ன் சுவிட்சைப் போட்டார். எட்டு வீடுகளும் வாய் திறக்கவில்லை. பாதை தாங்கியது! வெர்னின் கருவி முனகியது! பிறகு கிளை கிளையாக எல்லோருக்கும் வெளிச்சம் வந்தது.

நமக்கு என்ன லாபம் என்றீர்கள், ஆர்லன் ஐயா. நாம் மின்சாரத்தை உற்பத்தி செய்கிறவர்கள் அல்ல, வாங்கி விற்கிறவர்கள். மிகக் கடுங்குளிர் வேளையில் எவ்வளவு கேட்கிறோம் என்று பார்த்துத்தான் நமக்கு விலை போடுகிறார்கள். அந்த வேளையில் கேட்காத வீடு யாரைக் காக்கிறது? தன் சொந்தக்காரரை மட்டுமா? ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி வாழும் பக்கத்து வீட்டுக்காரரைக் காக்கிறது! கம்பத்தில் ஏறும் டுவெய்னைக் காக்கிறது! நாம் பெரிய டிரான்ஸ்பார்மர் வாங்கினால் அந்தச் செலவு முழுவதும் நம் பில்களில் ஏறும். வீடு கட்டுகிறவர்கள் சுவருக்குள் சூடு காக்கும் பஞ்சு வைத்தால், வரிச்சலுகை வழியாக நாடே அதில் பங்கு போடுகிறது. நாம் கொடுப்பது ஒரு விசிறி, ஒரு வேன், ஒருத்தியின் சம்பளம்.

"அதானே, உன் சம்பளம்!" என்கிறார் அங்கே ஒருவர். ஆமாம், என் சம்பளம்தான். எனக்கு வேறு வேலை கிடைக்கும், ஐயா. வெர்னுக்கு வேறு மின்பாதை கிடைக்காது!

விற்பதற்கா பிறந்தது இந்தச் சங்கம்? நகரத்துக் கம்பெனிகள் வரமாட்டோம் என்ற வீடுகளுக்கு விளக்கேற்றப் பிறந்தது! வசந்தம் வந்தால் கிழக்குப் பாதையில் இன்னும் வீடுகள் எழும். அடுத்த ஜனவரியில் அவை வாய் திறக்கும் வீடுகளா, பொறுத்திருக்கும் வீடுகளா? வாக்குச் சீட்டு உங்கள் கையில்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், குறுக்கே கேட்டு என்னைக் கூர்மையாக்கிய நண்பர்களுக்கும், உணவு ஆறுகிறதே என்று கதவோரம் தவிக்கும் சமையலறைத் தாய்மார்களுக்கும் நன்றி. வெளியே சாலை கண்ணாடியாய் உறைந்திருக்கிறது. பார்த்து வண்டி ஓட்டிப் போங்கள். வணக்கம்.

சோதனையைக் கைவிடும் தீர்மானம் நிறைவேறியது. வாக்கு வித்தியாசம் அதிகமில்லை. அந்தக் கோடையில் கிழக்குப் பாதையில் பதினோரு வீடுகள் கட்டினார்கள். எதையும் யாரும் சோதிக்கவில்லை. முதல் பனி விழுமுன் மர்லீஸ் அம்மா வெர்னை அழைத்துக்கொண்டு, மருத்துவமனை இருக்கும் ஊருக்குக் குடிபோனார்.