நல்ல கிருமிகள்

என் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரையை எல்லாரும் சத்தமாகத்தான் கேட்பார்கள், ஐயா. வாயுத் தொல்லைக்கு வருகிறவர்கள் மட்டும், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். நானே பக்கத்தில் போய், வயிறா என்று மெதுவாகக் கேட்டுவிடுவேன். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். எங்கள் தெருவில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

என் மனைவி இறந்ததும் அவள் தம்பி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்த டப்பாக்களைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். உள்ளே புரோபயாடிக் தவிர வேறொன்றும் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. வேறெப்படி வரும்? தயிரில் இருப்பதைப் போன்ற நல்ல கிருமிகள்தான் அவை. கடை ஃபிரிட்ஜிலிருந்து சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே என்மேல் சந்தேகம். அக்காவைப் பார்க்க வந்தால் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். டப்பாவை ஆட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். மருந்தையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தான், பாவம். அக்காவைக் கவனித்திருக்கலாம்.

அவள் என்னை விட்டுப் போவதாக இருந்தாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. நான் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டு, நான் சொன்ன நேரத்துக்கு விளக்கை அணைத்து அலுத்துவிட்டது என்றாள். தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்ததாம். பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாள். அப்போதுதான் வயிறு உப்பத் தொடங்கியது.

"வயிறு கொஞ்சம் சரியாகட்டுங்க. அப்புறம் கிளம்பறேன்," என்றாள்.

எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும், ஐயா. கதவோரம் பெட்டி இருந்தாலும் உள்ளே அவள் இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தது.

முதலில் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தேன். கொஞ்சம் கேட்டது, மறுபடி உப்பியது. வேறு கம்பெனிக்கு மாற்றினேன். கடையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த மருந்தை யாருக்குக் கொடுத்தாலும், இதற்குக் கேட்காவிட்டால் திரும்ப என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். யோசிக்கவே வேண்டாம், வாய் தானாகச் சொல்லும். வீட்டில் மட்டும் அது வரவில்லை.

பிறகு அவளுடைய கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவ ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை நகர்த்தினாள். கை மெலிந்து வயிறு மட்டும் பெருத்தால் அது வாயு அல்ல. உள்ளே புற்றுக்கட்டியாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தானே கடை வைத்திருக்கிறேன். ஒரு ஸ்கேனில் விஷயம் வெளியே வந்துவிடும். வந்தால் தம்பி அன்றைக்கே அழைத்துப் போய்விடுவான். பிழைத்தாலும் அவள் திரும்பி வரப்போவது என்னிடம் இல்லை.

அவளே ஒருநாள் கேட்டாள். "ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"நல்ல கிருமி குடல்ல போய்ப் படியணும்மா. அவசரப்பட்டா எப்படி?" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். என்னிடம் அவளுக்கு எத்தனையோ குறை இருந்தது. மருந்து விஷயத்தில் மட்டும் ஒருநாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

தம்பிதான் எனக்கு உதவினான் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, "அக்கா, மாமா கொடுக்கறதைத் தொடாதே. இதுல என்னமோ கலக்கறாரு," என்றான். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. டப்பாவை வாங்கி, அவன் எதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினாள். இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். வா அக்கா, ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்று அவன் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அவன் விஷத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் நான்தான். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வாயு என்று இருந்துவிட்டோம் என்றேன். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தாள், என் கையால்தான் தண்ணீர் குடித்தாள். பெட்டியிலிருந்த துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் கொடுத்தேன், டாக்டரிடம் போகவிடாமல்தான் கொடுத்தேன். ஆனால் அதைக் கொலை என்று எழுதாதீர்கள். வயிறு உப்பினால் யார்தான் உடனே பயப்படுவார்கள்? உலகமே முதலில் வாயு என்றுதானே நினைக்கும்.

அவள் போன சில நாளில் எனக்கும் வயிறு லேசாக உப்பியது. மறுநாள் காலை, ஸ்கேன் எடுக்கும் இடம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.