ரெண்டடிச் சந்தில் தலைவாசல்

"சோபா வாங்கிட்டோம்க்கா. பக்கத்து வூட்டுக்காரங்கதான் உக்காந்துனு இருக்காங்க."

வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். மடியில் 'வெல்கம்' போட்ட புதுக் கால்மிதி. பக்கத்திலிருந்த அக்கா முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னாடி சொல்ற?"

"நாங்க வாங்கின வூடு தெக்குப் பாத்த வாசல். ஆவாதுன்னுட்டாரு வாஸ்துக்காரரு. அத செங்கல் வச்சி அடச்சிட்டு, கெழக்கால புதுசா தலவாசல் வச்சோம். தேக்குக் கதவு."

"கெழக்கால பக்கத்து வூட்டு செவுரு இல்ல இருக்குது?"

"நடுவுல ரெண்டடி சந்து இருக்குதே. ஆளு போவலாம். சோபா போவல, பீரோவும் போவல. ரெண்டும் அவங்க கொட்டாயில கெடக்குது."

"அப்ப துணிமணி?"

"காலையில போயி கேட்டு எடுத்துனு வருவேன்."

"அந்த வாஸ்துக்காரரு வந்து பாத்தாரா?"

"பாத்தாரு. இனிமே மகாலட்சுமி நேரா உள்ள வருவான்னாரு."

"நேரா எங்கடி வர்றது. ஒருக்களிச்சித்தான் வரணும்."

அவள் கோபப்படவில்லை. கால்மிதியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"உன் நாத்தனாரு இன்னா சொன்னாங்க? வாரா வாரம் மடுகரையிலேர்ந்து வந்து கொற சொல்லுவாங்களே."

"பால் காய்ச்சின அன்னிக்கு வந்தாங்க. சந்துல ஒரு ஆணி மாட்டி பட்டுப் பொடவ கிழிஞ்சிடுச்சி. அதுலேர்ந்து இந்தப் பக்கமே வர்றதில்ல."

"சந்துல ஆணி எதுக்குடி? அதுவும் வாஸ்துக்காரரு சொன்னாரா?"

"இல்லக்கா. அது நான் அடிச்சது."