கடைசிப் பத்து நிமிஷம்

அட, குடும்மா இப்படி. அழற கொழந்தைய வச்சிக்கிட்டு நீ எத்தன தடவதான் இந்த வராந்தாவ அளப்ப? என் தோள்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல தூங்கிடும். பயப்படாத, நானும் ரெண்டு பெத்தவதான். இந்தச் செவப்புக் கோட்டப் பாத்துதானே சிரிக்கற? சிரி, சிரி. காலேஜ் பசங்களுக்குத் தச்சது, பட்டன் போட்டா எனக்கு மூச்சு வராது. பள்ளிக்கூட லீவு ரெண்டு மாசத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்த ஆளுக்கெல்லாம் தனியாத் தைக்க மாட்டாங்களாம்.

சரி, இடைவேளை வரைக்கும் நீ உள்ளதானே இருந்த? அப்பாடா. அப்ப எனக்கு மொதப் பாதிக் கதையச் சொல்லு. அடுத்த ஷோவ எங்க வீட்டுக்காரர் பாக்கப் போறாரு. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.

தியேட்டர்ல வேலை பாக்கறவளுக்குக் கதை தெரியாதான்னு கேளு. தெரியாது! படம் ஆரம்பிச்சதும் கதவச் சாத்திட்டு வெளிய நிக்கணும், சிந்தின பாப்கார்னக் கூட்டணும். முடியறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போதான் உள்ள போகணும், வெளிக்கதவத் தொறந்து விட. ஒரு மாசமா, ஒரு நாளைக்கு நாலு தடவ, அந்தப் பத்து நிமிஷத்தத்தான் பாக்கறேன். ரயில்வே ஸ்டேஷன்ல அண்ணன் தங்கச்சியக் கட்டிப் பிடிச்சு அழறான். எதுக்கு அழறான்னே தெரியாது, நானும் சேந்து அழறேன். மூக்கச் சிந்திக்கிட்டே கதவத் தொறந்தா, வெளிய வர்ற ஜனங்க எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போகுது.

மொத நாள் வீட்டுக்குப் போனதும் இவரு, படம் எப்படின்னு கேட்டாரு. அவரா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு எத்தன மாசமாச்சு தெரியுமா? பாக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இல்ல, அள்ளி விட்டேன். கடைசில அண்ணன் தங்கச்சி சேர்றாங்கன்னா முன்னாடி ஏதாவது நடந்திருக்கணுமே, அத நானே சமைச்சேன். அவரு, அப்புறம்னாரு. போச்சு! அந்த ஒரு வார்த்தைக்காக தெனம் சாப்பாட்டு நேரத்துல இழுத்துக்கிட்டே போனேன். படம் மூணு மணி நேரம், என் கதை முப்பது நாளு. வில்லன ரெண்டு தடவ சாகடிச்சுட்டேன்னா பாத்துக்க. அவரு கண்டுபிடிச்சுட்டாரு. இது அவன் தம்பிங்கன்னு சமாளிச்சேன்.

நேத்து திடீர்னு, அந்தப் படத்த நான் பாக்கணுங்கறாரு. எல்லாம் பொய்னு தெரிஞ்சா மறுபடி ரூமுக்குள்ள போய் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. அப்புறம் எழுப்ப என்னால ஆகாதும்மா, சத்தியமா ஆகாது. அதான் கேக்கறேன், ஹீரோ என்ன வேலை பாக்கறான்?

டாக்டரா? நல்லாப் பாத்தியா? பஸ் டிரைவர் இல்ல? ஒரு ஸீன்ல கூட பஸ்ஸே வரலையா? பாட்டுல கூடவா? ஐயையோ.

இல்லம்மா, எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்திமூணு வருஷ சர்வீஸ். போன வருஷம் ஒரு கொழந்த, இதவிடக் கொஞ்சம் பெருசு, அம்மா கைய உதறிட்டுக் குறுக்க ஓடி வந்துடுச்சு. இவரு மேல தப்பில்லன்னு போலீஸ் சொல்லுச்சு, கோர்ட்டு சொல்லுச்சு, அந்தக் கொழந்தையப் பெத்த அப்பனே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனான். இவரு மட்டும் சொல்லல. தீர்ப்பு வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தவரு அப்புறம் வாசப்படி எறங்கவே இல்ல. எனக்கு என்ன பெரிய கற்பனையா இருக்கு? ஹீரோவ டிரைவராக்கிட்டேன். இதே மாதிரி அவனுக்கும் நடக்க விட்டேன். கடைசில அவன் மறுபடி ஸ்டியரிங்கத் தொடறான்னு முடிச்சேன். எப்படிடி தொட்டான், அந்த எடத்த நான் கண்ணால பாக்கணும்னாரு.

எங்க வரப் போறாருன்னுதான் நெனச்சேன். ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கீழ பெஞ்சுல உக்காந்திருக்காரு, ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு. எப்படி வந்தீங்கன்னு கேட்டேன். பஸ்லன்னாரு. டிரைவருக்குப் பின் சீட்டாம். வழி முழுக்கக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டாராம். ஆனா வந்துட்டாரும்மா.

இந்தா, தூங்கிடுச்சு பாரு, மெதுவா வாங்கு. கடைசிப் பத்து நிமிஷம் ஆரம்பிக்கப் போகுது, நான் உள்ள போகணும். முடிஞ்சதும் கீழ போய் அவர்கிட்ட ஹவுஸ்ஃபுல்னு சொல்லிடறேன். பாதி சீட்டு காலியாக் கெடக்கு, எனக்கும் கண்ணு தெரியும். முப்பது நாள் புளுகின வாய்க்கு இன்னொண்ணு வலிச்சுடுமா? நாளைக்கு வாங்க, எடம் பிடிச்சு வைக்கறேன்னு சொல்றேன். நாளைக்கும் ஹவுஸ்ஃபுல்தான். லீவு முடிய இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு. தெனம் பஸ் ஏறி வரட்டுமே.