என் கணவர் சோதித்துப் பார்த்த மாத்திரை

என் பெயர் சின்னம்மா. வயது அறுபத்தொன்று. கணவர் லூர்துசாமி, வயது அறுபத்தெட்டு, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். புனே கட்கி பஜாருக்குப் பின்னால் குடியிருக்கிறோம். எனக்கு மராத்தி பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகவே தமிழில் சொல்கிறேன். என் கணவர் மருத்துவமனையில் சேர்ந்தது பற்றி விசாரிக்கும் போலீஸ் ஹவல்தார் பக்தவத்சலம் எழுதிக்கொள்கிறார்.

எனக்குப் பல வருடங்களாக முடக்குவாதம் உண்டு. காலையில் விரல்கள் மடங்காது. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவது, மாவு கரைப்பது, தலை பின்னுவது எல்லாம் என் கணவர்தான் செய்துவந்தார். அவர் போடும் பின்னல் எப்போதும் இடப்பக்கம் சாயும். மகர்பட்டாவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தீபா பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

போன வருடம் கேம்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் ராஜஸ்ரீ புதிய மாத்திரை ஒன்றைப் பற்றிச் சொன்னார். அது இன்னும் கடைக்கு வரவில்லை, ஆராய்ச்சியில் இருக்கிறது, சிலருக்கு அசல் மருந்தும் சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள், யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது என்று விளக்கினார். என் கணவர் ஒரு கேள்விதான் கேட்டார். இதை இதற்கு முன் யார் சாப்பிட்டுப் பார்த்தது என்றார். ஆரோக்கியமானவர்கள் பலர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். "இந்த டப்பாலேர்ந்தா?" என்று இவர் திரும்பக் கேட்டார். நான் அதை இந்தியில் சொன்னதும் டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். மழை தொடங்குவதற்குள் விரல்கள் மடங்கின. ஒரு நாள் காலையில் நானே தலை பின்னிக்கொண்டேன். அவர் சீப்பும் கையுமாக வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இந்த வேலையும் போச்சு. எனக்கு ரெண்டாவது ரிட்டயர்மென்ட்" என்று சொல்லிவிட்டுச் சீப்பை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார்.

ஒவ்வொரு தடவை போகும்போதும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வைஷாலி என்ற பெண் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்தது. "மாவ்ஷி, கீழே போட்டுவிட்டீர்களா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்பாள். மறதியில் ஒரே நாளில் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டேனோ என்று எனக்கே பயம் வந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாகக் கொடுத்த டப்பாவின் மேல் வேறு லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதி எண், இருந்தது. அதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்ததை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மூன்று துண்டுகள் நனைந்தும் நிற்கவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆட்டோவில் அதே மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அந்த மாத்திரையால் மட்டும் இவ்வளவு ரத்தம் போகாது, வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று இவர் தலையாட்டினார். அதன் பிறகு ரத்தக் கறையான சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து ஒரு மாத்திரை கட்டிலில் விழுந்தது. வெளிர்பச்சை, மேலே பெயர் கிடையாது. அப்படிப்பட்டது என் டப்பாவில்தான் உண்டு.

நான் அவரைப் பார்த்தேன். "என்ன மொறைக்கிற? சாம்பிள் பாக்காம ஒரு லாட்டையும் நான் வெளிய விட்டதில்ல. உனக்கு மட்டும் விட்டுடுவேனா?" என்றார். தொழிற்சாலையில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு குண்டை எடுத்து வெடிக்கவைத்துப் பார்த்த பிறகே மீதியை அனுப்புவார்கள். அதே போல ஒவ்வொரு டப்பாவிலும் முதல் மாத்திரையை இவர் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகே டப்பாவை என்னிடம் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை புது லாட் என்பதால் தினமும் ஒன்று எடுத்திருக்கிறார்.

நான் டாக்டரைக் கூப்பிடத் திரும்பினேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறக்காத சின்னம்மா. தெரிஞ்சா உன் பேர அடிச்சிடுவாங்க. கை மறுபடி போயிடும்." நான் கையை விடுவித்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

டாக்டர் ராஜஸ்ரீ வந்தார். என் மாத்திரை அசலா வெற்றா என்று தெரிந்தால்தான் இவருக்குச் சரியான சிகிச்சை கொடுக்க முடியும், ஆனால் அதற்காக ரகசியத்தைத் திறந்துவிட்டால் அதன் பிறகு எனக்கு அந்த மாத்திரை கிடையாது, அதுதான் விதி என்று சொன்னார். திறந்துவிடுங்கள் என்று சொன்னேன். என் கணவர் கட்டிலிலிருந்து எழுந்து வேண்டாம் என்று அதட்டினார். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் அது வாத்து கத்துவது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் ரத்தம் சிந்திக் கிடக்க மனைவி சிரித்தாள் என்று நர்ஸ் சொன்னதாக ஹவல்தார் என்னிடம் கேட்டார். சிரித்தது உண்மை. காரணம் இதுதான்.

திறந்து பார்த்தார்கள். அசல் மருந்து. இரண்டு மருந்தும் சேர்ந்ததால் வந்த ரத்தப்போக்கு என்று சொல்லி அதற்கான சிகிச்சை கொடுத்தார்கள். சாயங்காலம் ரத்தம் நின்றது. அதன் பிறகு வைஷாலி வந்து என் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் என் கணவர் கண் விழித்து, திறந்ததில் என்ன வந்தது என்று கேட்டார். அசல் என்று சொன்னேன். "அப்போ லாட் பாஸ்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, அலமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னில் சீப்பு இருக்கிறது, எடுத்து வைத்திரு என்றார்.

அவர் தற்கொலைக்கு முயலவில்லை. நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. என் மாத்திரையை அவர் எடுத்ததைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனை மீதோ டாக்டர் மீதோ எனக்குப் புகார் இல்லை. அவர் மீதும் இல்லை.

இதுவரை சொன்னதை ஹவல்தார் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது. என் வியாதியைக் கேட்டு, ரேகை வைத்தால் போதும் என்று மை டப்பாவை நகர்த்தினார். இன்றைக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுதியே கொடுக்கிறேன் என்று பேனாவைக் கேட்டு வாங்கி ஒப்பமிடுகிறேன்.

லூ. சின்னம்மா