கேபிள் எட்டிய இரண்டு அறைகள்: பணிநிறைவு பெறும் தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தார் அளிக்கும் மடல்

மொட்டைமாடியின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த முதல்வரே! அக்கரைக் கிளை அலுவலகத்தின் ஆன்டெனாவை வெறுங்கண்ணாலேயே குறிபார்க்கும் கூர்விழியாரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் அண்ணாந்து பார்த்தே கழுத்துவலி கண்ட எங்கள் தலைமைப் பொறியாளரே! வணக்கம்.

மாடிக்கு மேலே தாங்கள் செய்ததைக் குறை சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. தாங்கள் நட்ட கம்பம் காற்றுக்குக் கோணவில்லை, மழைக்கு மசியவில்லை. குறையெல்லாம் மாடிக்குக் கீழேதான். இதைப் போய்ப் பாராட்டு மடலில் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதும் வேலையை என்னிடம் கொடுக்கும்போதே அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மாடியில் ஆன்டெனா ஏறியதும், அதன் கருவிப்பெட்டி உள்ளே எங்கே அமர்வது என்று திட்டமிட்டீர்கள். கேபிள் குறைவாக ஓட வேண்டும், சுவர் நனையாதிருக்க வேண்டும், வெக்கையை வெளியேற்ற விசிறி வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அத்தனையும் பொருந்திய அறை பழைய வரைபடத்தில் ‘காலி அறை’ என்று கண்ணடித்தது. அந்தப் படம் வரைந்த காலத்தில் இங்கே பெண்கள் யாரும் வேலை பார்க்கவில்லை. தாங்களும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கேபிளை அளந்து வெட்டி, சுவரில் துளையிட ஆணையிட்டுவிட்டீர்கள். துளைக்கருவி சுவரைக் கிழித்து மூக்கை நீட்டிய இடம், இந்தக் கட்டடத்தின் ஒரே பெண்கள் கழிவறை.

உள்ளே நான் இருந்தேன்.

வேலையில் சேர்ந்து அன்று பதினோராம் நாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வாயை மூடிக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் அம்மா அனுப்பியிருந்தார். முடியவில்லை. தங்கள் துளைக்கருவி தட்டிவிட்டா வந்தது? நானும் தங்கள் கதவைத் தட்டாமலே திறந்தேன். பெண்கள் அடுத்த கட்டடத்துக் கழிவறைக்குப் போய்வந்தால் என்ன என்று கணக்காளர் சமாதானம் சொன்னார்.

“பெட்டிக்கு இடம் பாத்தீங்க. எங்களுக்கு எங்க சார் இடம்?” என்றேன்.

வரைபடத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். வெட்டிய கேபிள் எட்டும் தூரத்தில் இன்னும் ஒரே ஓர் அறைதான் இருந்தது. அடுத்த சுவருக்கு அப்பால், தங்கள் அறை.

“என் மேஜைய நகத்துங்க. தப்பு என்னுது” என்றீர்கள். அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் அனுப்பினீர்கள்.

பொறுமையின் பெட்டகமே! அன்றுமுதல் அந்தப் பெட்டியின் இரைச்சலைக் காதிலும் வெக்கையை முதுகிலும் வாங்கிக்கொண்டு, கால் நீட்ட இடமின்றிக் கோப்புகளில் கையெழுத்திட்டீர்கள். தொலைபேசி வந்தால் வராண்டாவுக்கு ஓடினீர்கள். அன்று இரண்டு பேராக இருந்த பெண்கள் இன்று ஒன்பது பேர்.

நாளை தங்கள் நாற்காலிக்கு வரவிருப்பவர் நேற்றே வந்து அறையைப் பார்த்தார். பெட்டியைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாமே என்று அவர் முகம் சுளித்தது எங்கள் காதுக்கும் வந்தது. இதோ, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவரையும் வரவேற்கிறோம்.

ஆகவே இம்மடலுக்கு இரண்டு படிகள். ஒன்று தங்கள் இல்லத்துக்கு. மற்றொன்று, கழிவறைச் சுவரில் அன்று அடைத்த அந்தத் துளையின் தழும்பை மூடி, நான்கு திருகாணிகளில் இன்று மாலையே ஏறும். பெட்டியைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர் முதலில் இம்மடலோடு சேர்த்துத் தங்கள் பேரையும் கழற்ற வேண்டும். இப்போது கைதட்டப்போகும் அனைவரும் அதற்குச் சாட்சி.

கழுத்துவலி தீர்ந்து, கால் நீட்டி, இரைச்சலற்ற அறையில் நெடுநாள் நலமாக வாழ்க! வீட்டில் எதை எங்கே வைப்பதானாலும், முதலில் கதவைத் தட்டுங்கள்.

இங்ஙனம்,
அலுவலக ஊழியர்கள்
(பெண்கள் ஒன்பதின்மர் முதலில் கையெழுத்திட்டுள்ளோம். புதிய தலைமைப் பொறியாளரின் கையெழுத்துக்காகக் கீழே இடம் விடப்பட்டுள்ளது. பேனா மேடையில் இருக்கிறது.)