துணுக்காய்ச் சந்தியில் காதாட்டும் யானை

துணுக்காய்ச் சந்தியில் காட்டு யானை நிற்கிறதென்று நம்பி, என் வாழைக்குலையைப் பக்கத்து ஆளின் காலடிக்கு மெல்லத் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்கள் அப்படித்தான் தொடங்கினார்கள்.

“அக்கா, ஆனை சந்திக்கு வந்திட்டுதாம்!”

“ஓம். என்ர மனுசன் பழைய சைக்கிள் றிம்மில செய்தது. காத்துப் பட்டால் தகரக் காது ஆடும். பாக்கக் கொழும்பு ஆக்கள் வந்து நிக்கினம்.”

“அவரை விசரன், பைத்தியம் எண்ட சனம் இப்ப ‘சேர்’ எண்டுது!”

“ஆனை காதாட்டாட்டில் அவர் திரும்ப விசரன்தான். இண்டைக்குக் காத்தே இல்லை, தங்கச்சி.”

சந்தி தெரிந்ததும் அக்கா எழுந்து கத்தினார்.

“றைவர் அண்ணை, என்னை இறக்க வேண்டாம்! ஆனைக்குப் பக்கத்தால வேகமாய் விடுங்கோ!”

பஸ் கிளப்பிய காற்றில் இரும்பு யானை இரண்டு காதையும் ஆட்டியது. சனம் கைதட்டியது. அக்கா அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி ஓடினார்.