வெயிலாள் பெட்டியில் செருகிய ஓலை

அந்தக் காலத்தில், தேரிக்காட்டுச் செம்மணல் ஓரமாக, நெடும்பனைவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொன்ன பிறகுதான் வெயிலாள் கதையை எடுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் சொன்னால் கேட்கிறவன் பெரிய வீட்டின் மேல் இரக்கப்பட்டுவிடுவான். அப்படி இரக்கப்பட்டவர்களைப் பார்த்தாயிற்று.

முதலில் கிணறு போனது. தேரியில் நல்ல தண்ணீர் ஊறிய ஒரே கிணறு. தோண்டியவர்கள் கீழத்தெரு ஆட்கள். ஊற்றுக் கண்ட மறுநாளே பெரிய வீட்டுப் பண்ணையார் சுற்றிலும் சுவர் எழுப்பிக் கதவு வைத்தார்.

இரண்டாவதாகப் பனை போனது. கீழத்தெருப் பாட்டன்மார் கொட்டை ஊன்றி வளர்த்த பனைகள். மண் என்னுடையது, ஆகவே மரமும் என்னுடையது என்றார் பண்ணையார். அதன்பின் தன் பாட்டன் வைத்த மரத்தில் ஏறுகிறவன் பதநீரில் பாதியைப் பெரிய வீட்டுப் பானையில் ஊற்றினான்.

மூன்றாவதாக வழி போனது. பெரிய வீட்டு வாசல் வழியே நடக்கக் கூடாது. செத்தவனைத் தூக்கிப் போனாலும் தேரியைச் சுற்றிக்கொண்டு, கால் வேகிற மணலில்தான் போக வேண்டும்.

நான்காவது, எறிதல். பெரிய வீட்டில் விசேஷம் என்றால் கீழத்தெருப் பிள்ளைகளுக்கும் பண்டம் உண்டு. ஆனால் கையில் கொடுக்க மாட்டார்கள். மதில்மேல் நின்று எறிவார்கள். எள்ளுருண்டை மணலில் உருளும். பிள்ளைகள் விழுந்து பொறுக்கி, மணலைத் துப்பித் துப்பித் தின்னும். மேலே நிற்கிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

ஐந்தாவது, ஒரு சாவு. ஆறாவது, அந்தச் சாவுக்குப் பேர் இல்லாமல் போனது. முதல் ஐந்தும் பெரிய வீடு செய்தது. ஆறாவதில் கீழத்தெருவுக்கும் கை உண்டு. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். குனியட்டும்.

வெயிலாள் அந்தத் தெருக்காரி. வெயிலுகந்தாள் என்று அம்மன் பேர் வைத்தார்கள், கூப்பிட்டது வெயிலாள். அவள் புருஷன் பனையேறி. அவன் பேரைக் கதையின் நடுவில் சொல்வதில்லை. கடைசியில், சாட்சிக்கு ஆட்களை நிறுத்தி வாசிப்பதுதான் முறை. அதுவரை அவன் பனையேறி.

வெயிலாளுக்கு ஓலை வேலை வரும். குருத்தோலையை நிழலில் வாட்டி, தண்ணீர் தெளித்து, நகத்தால் வகிர்ந்து முடைவாள். மணல் தின்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு யோசனை வந்ததாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற மூடிபோட்ட பெட்டி. மீன்போல ஒன்று, கிளிபோல ஒன்று, தேர்போல ஒன்று. சுக்குக் கருப்பட்டியை வாழைச்சருகில் சுற்றி உள்ளே வைப்பாள். மூடியின் மேலே ஒரு துண்டு ஓலையைக் குறுக்கே செருகிவிட்டால், எங்கே விழுந்தாலும் திறக்காது. அந்தச் செருகோலையை உருவினால்தான் மூடி வரும். நூல் இல்லை, பசை இல்லை.

ஒரு சுமை பெட்டி முடைந்து பெரிய வீட்டுப் பின்வாசலில் வைத்தாள்.

"எறியணும்னா எறிஞ்சுக்கிடுங்க, தாயி. இதுக்குள்ள போட்டு எறிங்க. மண்ணு ஒட்டாது."

பனையேறி அன்றைக்குச் சிரித்தானாம். "ஏட்டி, எறியுத கைய நிறுத்த வழியில்ல. விழுத உருண்டைக்குச் சட்டை தச்சுப் போட்டுட்டு வந்திருக்க."

அவன் சொன்னதுதான் சரி. ஆனாலும் அந்த வருஷம் பிள்ளைகள் மணலைத் துப்பவில்லை.

அடுத்த கோடையில் பெரிய வீட்டுக்குப் பட்டணத்து விருந்தாளிகள் வந்தார்கள். கோடை மழை பிடித்திருந்தது. மரமெல்லாம் நனைந்து வழுக்கியது. விருந்தாளிகள் நுங்கு கேட்டார்கள்.

"மழை விடட்டும்யா. மரம் வழுக்குது" என்றான் பனையேறி.

"மழை விட்டா விருந்தாளியும் போயிருவாங்க. ஏறுல" என்றார் பண்ணையார்.

ஏறினான். பாளையைப் பிடிக்கிற நேரத்தில் கால் நழுவியது. விழுந்தவன் எழவில்லை. விருந்தாளிகள் நுங்கு தின்னாமலேயே ஊருக்குப் போனார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேறு மரத்தில் வெட்டிக் கொடுத்தார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டாவதுதான் நடந்திருக்கும்.

சாவை விசாரிக்க வில்வண்டியில் ஓர் அதிகாரி வந்தார். பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். பாயில் பிணம். பக்கத்தில் வெயிலாள். அவளுக்குப் பின்னால் கீழத்தெரு முழுக்க நின்றது. எதிரே பண்ணையார், கையைக் கட்டிக்கொண்டு.

"செத்தவன் யாரு?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டு ஆளுய்யா" என்றாள் வெயிலாள்.

"பேரு?"

அந்தக் காலத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துச் சொல்வார். கடையிலும் அப்படித்தான், கோயிலில் அர்ச்சனைக்கும் அப்படித்தான். வெயிலாள் அந்தப் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"அவுக பேர நான் சொல்லப்படாதுய்யா. இந்தா நிக்காகளே எங்க ஆளுக, இவுக சொல்லுவாக."

பண்ணையார் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவனோடு சேர்ந்து மரம் ஏறியவன் வாய் திறக்கவில்லை. அவன் கையால் பதநீர் வாங்கிக் குடித்தவள் வாய் திறக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்த தாவீது, அவனுக்குத் தம்பி முறை, அவனும் வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்களேன்" என்றாள் வெயிலாள். "தாவீது, நீயாவது சொல்லுய்யா."

தாவீது மணலைப் பார்த்தான்.

பண்ணையார் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். "வெளியூர்ப் பரதேசி எவனோ, தெரியல. நுங்கு களவாங்க ஏறியிருக்கான். இந்தப் பொம்பள பாவம், புத்தி சரியில்லாதவ. யாரு செத்தாலும் வந்து உக்காந்துக்கிடுவா."

அதிகாரி எழுதினார்: பேர் தெரியாதவன், திருட ஏறி விழுந்தவன். வண்டி கிளம்பியது.

வண்டி தேரியைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியதாம். செத்தவனுக்கு ஆயுசு ஏது, குறைவதற்கு? யாருடைய ஆயுசுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்? மணலில் விழுந்தடித்து ஓடினாள். வண்டியின் தடத்தைத்தான் பார்த்தாள்.

களவாணி என்று எழுதியாகிவிட்டதால் சுடுகாட்டில் இடமில்லை என்றார்கள். தேரியில் புதைத்தார்கள். தேரி மணல் நிலையாக நிற்காது. காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். ஆடி மாதக் காற்று முடிந்தபோது எந்த இடத்தில் புதைத்தோம் என்று புதைத்தவர்களுக்கே தெரியவில்லை. பேரும் இல்லை, குழியும் இல்லை.

வெயிலாளுக்கு அதன்பின் ஒரே நினைப்பு. அவன் பேர் ஊர் கேட்க, நாலு பெரிய மனுஷர் கேட்க, ஒருமுறை சத்தமாக ஒலிக்க வேண்டும். அவனைத் திருடன் என்று எழுதிய ஆளின் காதில் விழ வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. இதையே பெரிய ஆசை என்று சொன்னவர்களும் தெருவில் இருந்தார்கள்.

அந்தத் தையில் பெரிய வீட்டில் கல்யாணம் வைத்தார்கள். பெரிய வீட்டம்மாவுக்கு அந்த ஓலைப் பெட்டிகள் நினைவிலிருந்தன. ஆள் அனுப்பினாள்.

"வாரவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி கையில கொடுக்கணும். மீனு, கிளி, தேரு, எல்லாம் வேணும். சாயம் ஏத்திக் கொண்டா."

"எல்லாருக்கும் கையிலயா தாயி?"

"விருந்தாளிக்குக் கையில. உங்க தெருவுக்கு எப்பமும் போல."

"சரி தாயி" என்றாளாம் வெயிலாள்.

அன்றே தாவீதைத் தேடிப் போனாள். அவன் கருப்பட்டி மூட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணன் பேர எழுதிக் கொடு."

"மதினி, என்ன கேக்கீக! என் எழுத்துன்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவாக. எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு."

"உங்க அண்ணனுக்கும் பெண்டாட்டி இருந்தா. ஓலையில எழுத வேண்டாம். மண்ணுல எழுதிக் காட்டு. நான் பார்த்துக்கிடுதேன். பொறவு அழிச்சிரு."

தாவீது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விரலால் மணலில் எழுதினான். அவள் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"இதுதானா? இம்புட்டுத்தானா அவுக?"

"இம்புட்டுத்தான் மதினி."

"எந்த வளைவு முதல்ல வரும்? எங்க சுழிக்கணும்?"

முடைகிற கை. ஒரு பின்னலைப் பார்த்தால் அப்படியே பின்னி இறக்கும். அவள் அதையும் ஒரு பின்னலாகத்தான் பார்த்தாள். தாவீது காலால் அழித்தான். அவளுக்கு அழியவில்லை.

பிறகு பெட்டி பெட்டியாக முடைந்தாள். பொம்மைப் பிள்ளைகள் போல அடுக்கி வைத்தாள். ஒவ்வொரு செருகோலையிலும் முள்ளால் அந்தப் பேரைக் கீறி, அடுப்புக்கரி தேய்த்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி செருகினாள். வெளியிலிருந்து பார்த்தால் கிளி, மீன், தேர். பெரிய வீட்டம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "ஏட்டி, உனக்கு என்ன கைவேலட்டி!" என்றாளாம். திறந்து பார்க்கவில்லை.

கல்யாணப் பந்தல். பெரிய பெரிய ஆட்கள். அந்த அதிகாரியும் வந்திருந்தார். பெட்டிகளைக் கையில் கொடுத்தார்கள். கீழத்தெரு மதிலுக்கு வெளியே நின்றது.

முதலில் ஒரு கிழவர் உருவினார். "இதுல என்னமோ எழுதியிருக்கே!" என்று சத்தமாக வாசித்தார். பக்கத்திலிருந்தவர் தன்னுடையதை உருவினார். "இதுலயும் அதே பேருதான்!" என்று அவரும் வாசித்தார். "மாப்பிள்ளை பேரா?" என்றார் ஒருவர். "இல்லப்பா, மாப்பிள்ளைக்கு வேற பேரு. பெட்டி செஞ்சவன் பேரா இருக்கும்" என்றார் இன்னொருவர். "என் கிளி என்ன சொல்லுது கேளுங்க!" என்று ஒருவர் கிளியின் குரலில் வாசித்துக் காட்டினார். பந்தல் சிரித்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். வாசிப்பும் சிரிப்புமாக அந்தப் பேர் பந்தல் முழுக்கச் சுற்றியது.

மதிலுக்கு வெளியே நின்றவர்கள் சிரிக்கவில்லை. பண்ணையாரும் சிரிக்கவில்லை.

வெயிலாளைப் பந்தலுக்கு முன்னால் கூட்டி வந்தார்கள்.

"யாரு எழுதினது?" என்றார் பண்ணையார்.

"நாந்தான்யா."

"உனக்கு எழுத்து யாரு சொல்லிக் கொடுத்தா?"

வெயிலாள் தன் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"இது யாரு பேரு?" என்றார் அதிகாரி.

வெயிலாள் மதில் பக்கம் திரும்பினாள். பழைய இடம், பழைய முகங்கள். "எங்க ஆளுக சொல்லுவாக" என்றாள். அவர்களுக்கு இன்னொரு தடவை கொடுத்தாள். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தாவீது மணலைப் பார்த்தான்.

அப்போது அவளே சொன்னாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொல்லாத பேர். சத்தமாக, அதிகாரியின் முகத்தைப் பார்த்து. பிறகு சொன்னாள்: "எம் புருஷன்யா. களவாங்க ஏறல. இவுக ஏறச் சொல்லி ஏறுனாக."

அதிகாரி வாயிலிருந்த கருப்பட்டியை மென்று முடித்தார். "அது முடிஞ்சுபோன விசாரணை அம்மா. முடிச்சதைத் திறக்க முடியாது." கையிலிருந்த மீன் பெட்டியை நாற்காலிக்குக் கீழே போட்டார்.

அவ்வளவுதான். நீதி என்று ஒன்று எங்கேயோ காத்திருந்து அந்த இடத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எழுந்து போகலாம். வரவில்லை.

வந்தது வேறொன்று. மதிலுக்கு வெளியேயிருந்து, அவள் தெருப் பெண்களின் குரல். "வாய் கூசாம புருஷன் பேரச் சொல்லிட்டாளே! வெக்கங்கெட்டவ!" இரண்டு முறை ஊமையாக நின்ற தெருவுக்கு அப்போது குரல் வந்தது.

மிச்சப் பெட்டிகளைப் பெரிய வீட்டார் கொளுத்தினார்கள். அவள் குடிசையையும் கொளுத்தினார்கள். அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. தேரிக்குள் நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. தாவீதின் பேரை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

பண்ணையார் செத்தார். அவர் மகன் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பட்டணம் போனான். அதற்கப்புறம் தாவீது தன் மகள் கல்யாணத்தில் ஓலைப் பெட்டி கொடுத்தான். செருகோலையில் அதே பேர். பண்டத்தைத் தொடுமுன் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி வாசித்தானாம். பயப்பட ஆள் இல்லாமல் போன பிறகு வந்த தைரியம். அதற்கு மேல் அதை என்னவென்று சொல்வது? ஆனாலும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எதுவானாலும் நெடும்பனைவிளையில் பண்டம் கொடுத்தால் அதில் ஒரு செருகோலை உண்டு. இப்போது மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டி வந்துவிட்டது. அதற்குள்ளும் ஒரு துண்டு ஓலையைச் செருகுகிறார்கள். 'வெயிலாப்பெட்டி' என்று கேட்டு வாங்குகிற பிள்ளைகளுக்கு அது ஒரு பெண்ணின் பேர் என்று தெரியாது. கிணற்றுச் சுவர் இன்னும் நிற்கிறது. அரசாங்கத் தாளில் அவன் இன்னும் பேர் தெரியாதவன்தான். பெட்டிக்குள் மட்டும்தான் அவனுக்குப் பேர்.

இன்றைக்கும் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். பண்டத்தில் கை வைக்காதீர்கள். எழுந்து நில்லுங்கள், சாட்சிக்கு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஓலையை உருவுங்கள். எல்லோரும் ஒன்றாக, வெளியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

மாசானமுத்து.